வெயிலுக்காக வாங்கும் வீடு: ஸ்பெயின் கடற்கரையில் வெளிநாட்டவர் ஏன் குவிகிறார்கள்?

டிசம்பரில் ஹெல்சிங்கியில் சூரியன் காலை ஒன்பதரை மணிக்கு எழுந்து, மதியம் மூன்றேகாலுக்கெல்லாம் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்திலும் மேகத்தை விட்டு வெளியே வரும் என்று சொல்ல முடியாது. மாதம் முழுவதையும் கூட்டினால் அங்கே அடிக்கும் வெயில் சராசரியாக 30 மணி நேரம்தான். அதே டிசம்பரில் ஸ்பெயினின் தெற்குக் கரையில் இருக்கும் மாலகாவில் சுமார் 160 மணி நேரம் வெயில் அடிக்கிறது.

சித்திரை வெயிலில் நிழல் தேடி ஓடுகிற நமக்கு, வெயிலுக்காக ஒருவர் இன்னொரு நாட்டில் போய் வீடு வாங்குகிறார் என்றால் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தில்தான் ஒரு பெரிய வீட்டுச் சந்தையே நிற்கிறது. ஸ்பெயினில் ஆண்டுதோறும் விற்பனையாகும் வீடுகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்றை வெளிநாட்டவர் வாங்குகிறார்கள். மாலகா மாகாணத்தில் இது சுமார் மூன்றில் ஒன்று. கிழக்குக் கரையில் உள்ள அலிகாந்தே மாகாணத்தில் பத்தில் நான்குக்கும் மேல். நாட்டுவாரியாகப் பார்த்தால் பல ஆண்டுகளாக பிரிட்டிஷ்காரர்கள்தான் முதலிடம். ஜெர்மானியர், டச்சுக்காரர், பெல்ஜியர், சுவீடன்காரர் என்று வரிசை நீள்கிறது.

கடற்கரை வீடு என்று பெயர் இருந்தாலும் இந்த வியாபாரத்தில் கைமாறும் உண்மையான சரக்கு குளிர்கால நாட்கள் என்றே நான் சொல்வேன். நவம்பர் முதல் மார்ச் வரை ஒருவர் எத்தனை நாள் அங்கே போய் இருக்க முடியும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் விலை, விமானம், விசா, வரி எல்லாம் ஒரே கணக்கின் வெவ்வேறு வரிகளாகத் தெரியும்.

அந்தக் கரைக்கு என்ன விசேஷம்?

மாலகாவை நடுவில் வைத்து இரு பக்கமும் நீளும் கரைக்கு கோஸ்டா டெல் சோல் என்று பெயர். நெர்ஹா, டோரெமொலினோஸ், ஃபுவென்ஹிரோலா, மார்பெயா, எஸ்தெபோனா எல்லாம் இதில் வரும் ஊர்கள். கரையை ஒட்டியே பின்னால் மலைத்தொடர் எழுகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அது தடுத்துவிடுகிறது. முன்னால் இருக்கும் மத்தியதரைக் கடல், கோடையில் வாங்கி வைத்த சூட்டைக் குளிர்காலத்தில் மெல்ல வெளியே விடுகிறது. இதனால் ஜனவரியில்கூட பகல் வெப்பம் 17 டிகிரி வரை போகும். ஆண்டு முழுக்கச் சேர்த்தால் சுமார் 2,900 மணி நேர வெயில். லண்டனில் சுமார் 1,600.

கடலில் குளிக்க 17 டிகிரி போதாது. ஆனால் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடிக்கவும், சட்டையோடு நடக்கவும், கோல்ஃப் ஆடவும் அது தாராளம். மூட்டுவலிக்காரர்களும், இருண்ட மாதங்களில் மனம் சோர்ந்துபோகிறவர்களும் இந்த வித்தியாசத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். கோடை வேறு கதை. உள்நாட்டிலிருந்து தெர்ரால் என்ற வறண்ட சூடான காற்று இறங்கும் நாட்களில் மாலகாவில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன்பிடி ஊர்கள் அடுக்குமாடியான கதை

இந்த ஊர்களில் பல, 1950-கள் வரை வலையும் படகுமாக இருந்தவை. 1954-ல் மார்பெயாவில் ஒரு ஐரோப்பிய இளவரசர் விடுதி திறந்தார். பணக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஊரைப் புரட்டிப் போட்டது அவர்கள் அல்ல, பின்னால் வந்த நடுத்தர வர்க்கம். 1959-ல் அப்போதைய சர்வாதிகாரி பிரான்கோவின் அரசு தனிமைப்பட்டுக் கிடந்த பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அந்நாளைய ஸ்பானிய நாணயமான பெசெட்டாவின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்கு 42 பெசெட்டா, அதன்பின் 60. வெளிநாட்டவருக்கு ஸ்பெயின் ஒரே நாளில் மலிவாகிப் போனது. டோரெமொலினோஸில் பெஸ் எஸ்பாடா என்ற பெரிய ஹோட்டல் திறந்ததும் அதே ஆண்டில்தான்.

அப்புறம் ஜெட் விமானங்கள் வந்தன. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் சுற்றுலாக்கள் வந்தன. ஒரே கரைக்கு ஆண்டுதோறும் வருகிறவருக்கு, ஹோட்டலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் வாங்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான். 1986-ல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது சட்டத் தயக்கங்கள் குறைந்தன. 1990-களில் ஐரோப்பிய வான்வழிச் சந்தை திறந்துவிடப்பட்டதும் மலிவு விமானங்கள் பெருகின. லண்டனிலிருந்து மாலகாவுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. என் கணிப்பில், இந்த வீடுகளின் விலையில் கடலுக்கு எவ்வளவு பங்கோ, அருகில் இருக்கும் விமான நிலையத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு. வெள்ளி மாலை கிளம்பி ராத்திரிக்குள் போய்ச் சேர முடியாத இடத்தில் எவ்வளவு அழகான கடல் இருந்தும் பயனில்லை.

வாங்குகிறவரின் மனக்கணக்கு இப்படி ஓடும். லண்டன் பக்கம் இருக்கும் வீட்டை விற்றால், இங்கே ஒரு நல்ல அபார்ட்மென்ட் வாங்கியும் கையில் பணம் மிஞ்சும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஸ்பெயினில் இருந்தாலும் ஆண்டுதோறும் உயரும். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறினால் அது அப்படியே உறைந்துவிடும். ஓய்வூதியம் வாங்குகிறவர் ஸ்பெயினில் நிரந்தரமாகக் குடியேறினால், எஸ்1 என்ற படிவத்தின் மூலம் அங்குள்ள அரசு மருத்துவமனையைப் பயன்படுத்தலாம். செலவை பிரிட்டன் ஏற்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

இதோடு, ஏற்கெனவே அங்கே போனவர்கள் அடுத்தவர்களை இழுக்கிறார்கள். ஃபுவென்ஹிரோலாவில் லோஸ் பாகோஸ் என்ற பகுதியில் ஃபின்லாந்துக்காரர்களின் கடைகளும் கஃபேக்களும் நிறைந்திருக்கின்றன. ஊரில் ஃபின்னிஷ் பள்ளிக்கூடமும் உண்டு. அலிகாந்தே பக்கம் அல்ஃபாஸ் டெல் பி என்ற ஊரில் நார்வேக்காரர்கள் அதேபோல். ஸ்பானிய மொழியில் நாலு வார்த்தை தெரியாமலேயே இருபது ஆண்டு ஓட்டிவிடலாம். இது வசதியா, குறையா என்பது ஆளைப் பொறுத்தது. எனக்கென்னவோ கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வீடு உங்களுடையது, நாட்கள் உங்களுடையவை அல்ல

ஆரம்பத்தில் பலர் குழம்புவது இங்கேதான். ஸ்பெயினில் வீடு வாங்க வெளிநாட்டவருக்குப் பெரிதாகத் தடை கிடையாது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் என்பதற்காக அங்கே வசிக்கும் உரிமை வந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அந்த உரிமை வேறு வழியில் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்களுக்கு, ஐரோப்பாவின் பொது எல்லைப் பகுதிக்கான ஷெங்கன் விதி: எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம்.

2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ்காரர்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். முன்பு அக்டோபரில் வந்து ஏப்ரலில் திரும்பியவர்கள் இப்போது நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். வாங்கிய குளிர்காலத்தில் பாதியை ஒரு விதி எடுத்துக்கொண்டுவிட்டது. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிவுசெய்யும் முறை வந்திருப்பதால், முத்திரை மங்கலாக விழுந்தது என்று சமாளிக்கவும் வழியில்லை.

கூடுதல் நாள் வேண்டுமென்றால் விசா எடுக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் பெரும்பாலும் எடுப்பது, வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கான விசா. ஐபிரெம் என்ற ஸ்பானிய அரசின் வருமான அளவுகோலைப் போல் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ. சரி, அதைக் காட்டிவிட்டால் போதுமா? ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் நீங்கள் அங்கே வரி செலுத்தும் குடியிருப்பாளர். உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமும் அங்கே வரிக்கு உட்படும். இரட்டை வரி ஒப்பந்தங்கள் பாரத்தைக் குறைக்குமே தவிர, கணக்குக் காட்டுவதிலிருந்து விடுவிக்காது. 90 நாள் போதாது, 183 நாள் தாண்டினால் வரி. பல குடும்பங்களின் குளிர்காலத் திட்டம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் ஓடுகிறது.

5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வசிப்பிட அனுமதி என்று 2013-ல் ஒரு திட்டம் வந்தது. தங்க விசா என்று அதற்குப் பெயர். 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லி வீடு விற்கும் விளம்பரம் கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வாங்க நினைப்பவருக்கு இன்னும் இரண்டு விஷயம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். சொத்து வாங்கவும் அதைப் பயன்படுத்தலாம். வாங்கிய சொத்தை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டியே ஆக வேண்டும். அப்புறம், சொந்த வீட்டுக்கே போனாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை.

பத்திரம் வரை

முதல் வேலை, வெளிநாட்டவருக்கான அடையாள எண் வாங்குவது. என்ஐஇ என்று சொல்வார்கள். இது இல்லாமல் வீடு வாங்க முடியாது, மின் இணைப்பும் எடுக்க முடியாது. அடுத்து, சொத்துப் பதிவகத்திலிருந்து நோட்டா சிம்ப்ளே என்ற ஒரு பிரதி. நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பதைப் போன்ற வேலைதான்: சொந்தக்காரர் யார், அடமானம் இருக்கிறதா, நீதிமன்றத் தடை உண்டா என்பது அதில் தெரியும்.

பிறகு முன்பண ஒப்பந்தம். வழக்கமாக விலையில் 10 சதவீதம் கட்டுவார்கள். ஸ்பானிய உரிமையியல் சட்டப்படி போடும் இந்த வகை ஒப்பந்தத்தில், வாங்குகிறவர் பின்வாங்கினால் முன்பணம் போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். கடைசியில் நோட்டரி முன்னிலையில் பத்திரம். அங்கே நோட்டரி என்பவர் முக்கியமான ஆள். பத்திரத்தை வாசித்து, அடையாளத்தைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்குவார். ஆனால் அவர் உங்கள் வக்கீல் அல்ல. விற்கிறவர் தரப்பு ஏஜென்ட் சிபாரிசு செய்யும் வக்கீலையும் வேண்டாம் என்பேன். தனியாக ஒருவரைப் பிடியுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இந்தக் கரையின் வரலாறு அப்படி. அல்மேரியா மாகாணத்தில் வேரா என்ற ஊரில், நகராட்சி கொடுத்த அனுமதியோடு ஒரு பிரிட்டிஷ் ஓய்வூதியத் தம்பதி கட்டிய வீட்டை 2008 ஜனவரியில் இடித்துத் தள்ளினார்கள். நகராட்சி கொடுத்த அனுமதியே செல்லாது என்பது மாலகா, அல்மேரியா போன்ற மாகாணங்களுக்கு மேலே இருக்கும் அண்டலூசியப் பிராந்திய அரசின் நிலைப்பாடு. மார்பெயாவில் நிலைமை இன்னும் மோசம். கட்டட அனுமதியை வைத்து நடந்த ஊழலால் 2006-ல் அந்த நகராட்சி மன்றத்தையே மத்திய அரசு கலைத்தது. சட்டவிரோதமாகக் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளை முறைப்படுத்த 2010-ல் ஒரு நகரத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. பதிவகத்தில் பெயர் சுத்தமாக இருக்கும் வீடு, கட்டட அனுமதியில் ஓட்டையோடு இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடலுக்கு முதல் வரிசையில் இருக்கும் வீடு என்று கேட்டதும் மயங்குகிறவர்களுக்கு இன்னொரு சட்டம். 1988-ல் வந்த கடற்கரைச் சட்டப்படி, மணலும் அலை எட்டும் பகுதியும் பொதுச் சொத்து. அந்த எல்லைக்கோட்டுக்குள் வந்துவிட்ட பழைய வீடுகளின் சொந்தக்காரர்கள், குறிப்பிட்ட காலத்துக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும் உள்ளவர்களாக மாறினார்கள். 2013-ல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் காலத்தை 75 ஆண்டு வரை நீட்டினார்கள். கோடு எங்கே போகிறது என்று பார்க்காமல் முதல் வரிசை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்? அண்டலூசியாவில் பழைய வீட்டுக்கு 7 சதவீதம் சொத்துரிமை மாற்று வரி. அலிகாந்தே அடங்கிய வலென்சியா பகுதியில் அதைவிட அதிகம். புது வீட்டுக்கு 10 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் முத்திரை வரியும். வக்கீல், நோட்டரி, பதிவு எல்லாம் சேர்த்து விலையின் மேல் 10 முதல் 13 சதவீதம் தனியாக எடுத்து வைப்பது பாதுகாப்பு. கடன் வாங்கினால், அங்கே வசிக்காதவருக்கு வங்கிகள் பொதுவாக மதிப்பில் 60 முதல் 70 சதவீதம்தான் தரும்.

பூட்டிக் கிடந்தாலும் வரி

வாங்கிய பிறகு குடியிருப்புச் சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணம், நகராட்சிக்குச் சொத்து வரி. இவை எங்கும் உள்ளவை. விசித்திரமானது மூன்றாவது. வாடகைக்கு விடாமல் நீங்களே வைத்திருக்கும் வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு வருமானம் வருவதாக ஸ்பெயின் வரித்துறை பாவித்துக்கொள்ளும். அரசுப் பதிவேட்டில் உள்ள மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதம் அந்தக் கற்பனை வருமானம். பதிவேட்டு மதிப்பு ஒரு லட்சம் யூரோ என்றால், 1.1 சதவீதக் கணக்கில் 1,100 யூரோ வருமானம். அதன்மேல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு 19 சதவீதம், அதாவது 209 யூரோ. பிரிட்டனிலோ இந்தியாவிலோ வசிப்பவருக்கு 24 சதவீதம், 264 யூரோ. தொகை பெரிதில்லை. ஆனால் இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகளை விட்டவர்கள் விற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

நாம் இல்லாத மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்பது ஏஜென்ட்கள் விற்கும் பாதி கனவு. இப்போது அது சுலபமில்லை. 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு கட்டடத்தில் புதிதாக அப்படி வாடகைக்கு விட, குடியிருப்புச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும். ஜூலையிலிருந்து இணையத்தில் விளம்பரம் போடத் தேசியப் பதிவு எண்ணும் தேவை என்றார்கள்.

இந்தக் கெடுபிடிகளுக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் மாலகாவில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஊரில் பிறந்து, அதே ஹோட்டல்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் கோபம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வீடு வாங்கினால் விலைக்குச் சமமான வரி போடலாம் என்று 2025 ஜனவரியில் பிரதமர் பெத்ரோ சான்செஸ் ஒரு யோசனையை முன்வைத்தார். அதைக் கேட்டு வடக்கே பலர் கொதித்தார்கள். ஆனால் டென்மார்க்கைப் பாருங்கள்: அங்கே வசிக்காத வெளிநாட்டவர், ஒன்றியக் குடிமகனே ஆனாலும், அரசு அனுமதியில்லாமல் கோடைவாச வீடு வாங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்திலேயே அதற்குத் தனி விலக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். டேனிஷ்காரர் மாலகாவில் தாராளமாக வாங்கலாம். மாலகாக்காரர் டென்மார்க் கரையில் அப்படி வாங்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க ஆசையிருந்தால், ஒரு ஜனவரி முழுவதும் அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். வெளியே 17 டிகிரி வெயில் அடிக்கும். உள்ளே பளிங்குத் தரை சில்லிட்டுக் கிடக்கும். வெயிலைத் தடுக்கவே கட்டிய அண்டலூசிய வீடுகள் பலவற்றில் சூடாக்கும் வசதி சரியாக இருக்காது. தெற்குப் பார்த்த பால்கனிக்கு ஏன் கூடுதல் விலை என்று அப்போது விளங்கும். வடக்குப் பார்த்த வீடு மலிவாகக் கிடைத்தாலும், எதற்காக அவ்வளவு தூரம் வந்தீர்களோ அது அதில் இருக்காது. ஜனவரியில் எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்தப் பேருந்து ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். மேட்டில் இருக்கும் வீடு அறுபதில் அழகு; எண்பதில் கார் ஓட்ட முடியாமல் போனால் அதே மேடு சிறை.

விற்கும் நாளும் வரும். துணை இறந்துவிட்டது, பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லை என்று எழுபதுகளின் கடைசியில் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. விலை எப்போதும் ஏறும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2008-க்குப் பிறகு ஸ்பெயினில் வீட்டு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்து, கரையோரத்தில் பாதியில் நின்ற கட்டடங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அங்கே வசிக்காதவர் விற்கும்போது, வாங்குகிறவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து நேராக வரித்துறைக்குக் கட்டிவிடுவார். நஷ்டத்துக்கு விற்றிருந்தாலும் பிடித்தம் உண்டு. அதைத் திரும்ப வாங்க நீங்கள்தான் படிவம் போட வேண்டும். போடும்போது, அந்தக் கற்பனை வருமானத்துக்கு ஆண்டுதோறும் வரி கட்டியிருக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள்.